தோளில் நாலு விரல்

அட்ராக்டா கார்மலிக்கு அருவருப்பான விஷயங்கள் உலகத்தில் ஏராளம். பாக்கெட்டில் வரும் சூப், கோவிலுக்குள் சூயிங்கம் மெல்லுகிற வாய், கல்லறைமேல் வைக்கிற பிளாஸ்டிக் பூ. பெஞ்சு விளிம்பில் பாதி உட்கார்ந்துகொண்டே முழங்காலிட்ட மாதிரி பாவனை பண்ணுகிற ஆண்கள். அத்தனையையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்தாலும், பீடத்துக்கு எதிர்த் தூணில் திருகி வைத்திருந்த அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்காது.

முப்பத்தோரு வருஷமாகக் கில்காரன் கோவிலில் பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பவள் அவள். மெழுகுவர்த்தி ஏற்றுவது, பீடத்துணி வெளுப்பது, சாமியாரின் அங்கியை அந்தந்தக் காலத்து நிறம் பார்த்து எடுத்துத் தொங்கவிடுவது, மழை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "கேட்டவன் எல்லாம் பூசைக்கு லேட்டா வர்றவன்" என்பாள்.

கேமரா வந்தது பாஸ்டனுக்கும் சிட்னிக்கும் போன பிள்ளைகள் ஊரில் நடக்கும் அடக்கப் பூசையை அங்கிருந்தே பார்க்கட்டும் என்று. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பிறகு நோய் வந்தது, மார்ச் மாதத்தில் கோவில் கதவைப் பூட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து கில்காரன் பங்கின் அறுநூறு ஆத்துமாக்களும் இணையக் கம்பி வழியாகப் பூசை கண்டன.

எப்படிக் கண்டன என்பதைக் கேட்டுக் கேட்டே அவளுக்குக் குமட்டியது. இறைச்சிக் கடைக்காரர் டாம் ஹானன் நைட் டிரெஸ்ஸில், மடியில் தட்டு, தட்டில் பொரித்த பன்றிக்கறி. அவர் மனைவி நற்கருணை நேரத்தில் துணி காயப்போட எழுந்து போவாள். சிலர் பூசையைப் பதிவில் பார்த்தார்கள், பிரசங்கத்தை ஓட்டிவிட்டு. வேறு சிலர் ஊர் ஊராகத் தேடி, கெர்ரிப் பக்கத்தில் பதினெட்டே நிமிஷத்தில் பூசை முடிக்கிற ஒரு சாமியாரைக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். "ஆளு பறக்கிறாரு, அட்ராக்டா" என்று ஹானன் கடை வாசலில் நின்று பெருமையாகச் சொன்னார், என்னவோ குதிரைப் பந்தயம் மாதிரி.

"பதினெட்டு நிமிஷத்துல உனக்கு ஒரு ஆட்டுத்தொடையே வெட்டத் தெரியாது, டாம்" என்றாள் அவள்.

காலியான கோவிலில் காலை பத்து மணிக்கு ஃபாதர் மலாக்கி பூசை வைப்பார். பதில் சொல்ல அட்ராக்டா ஒருத்திதான். கேமராத் தூணுக்குப் பின்னால், சுவர் ஓரப் பெஞ்சில் அவளுடைய இடம். அங்கே ஒரு மைக் இருந்தது. அவள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் மட்டும் போகும். நல்ல குரல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரகரப்பு. அதோடு, சாமியார் வாயை மூடுவதற்கு அரை நொடி முன்பே பதிலை ஆரம்பித்துவிடும் பழக்கம். வீட்டில் அவளுக்கு இணையம் கிடையாது. அந்தப் பூசை வெளியே எப்படித் தெரிகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பவில்லை.

ஆனாலும் ஒரு நாள்கூட அவள் தவறவிடவில்லை. காரணம், கொரெட்டி.

கொரெட்டி அவள் அக்கா, மூன்று வயது மூத்தவள். இருவரும் பேசிப் பதினாலு வருஷம். அம்மா இறந்தபோது ஊர் வழக்கப்படி நினைவு அட்டை அடித்தார்கள். உள்ளங்கை அகல அட்டை, ஒரு பக்கம் படம், மறுபக்கம் ஜெபம், ஜெபப்புத்தகத்துக்குள் செருகி வைக்கிற மாதிரி. அம்மாவின் நல்ல படம் ஒன்றே ஒன்றுதான். அதில் பக்கத்தில் அட்ராக்டா நின்று அம்மாவின் தோளில் கை போட்டிருந்தாள். அட்டை அடிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்ட கொரெட்டி யாரையும் கேட்காமல் தங்கையை வெட்டிவிட்டாள். வெட்டினதையாவது ஒழுங்காக வெட்டினாளா? அம்மாவின் தோளில் அட்ராக்டாவின் நாலு விரல் மட்டும் மிச்சம் நின்றது, ஏதோ திருடன் பின்னாலிருந்து பிடித்த மாதிரி. அந்த அட்டை முந்நூறு வீட்டுக்குப் போனது. "உன் மூஞ்சி எதுக்கு அதுல? செத்தது அம்மாதானே?" என்று கொரெட்டி கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் ஒரே கோவிலுக்குத்தான் வந்தார்கள். 'ஒருவருக்கொருவர் சமாதானம் கூறிக்கொள்வோம்' என்று சாமியார் சொல்லி எல்லோரும் கை கொடுக்கும் அந்த நிமிஷத்தில், பதினாலு வருஷமும், அட்ராக்டாவுக்கு அங்கி மாட்டுகிற அறையில் ஏதோ அவசர வேலை வந்துவிடும். ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கொரெட்டி கணவனை இழந்து, கால் விழுந்து, நகரத்துப் பக்கம் முதியோர் இல்லத்தில் மூன்றாம் மாடியில் இருந்தாள். நோய்க் காலத்தில் உள்ளே யாரையும் விடவில்லை. காது மந்தம், போனைக் காதில் வைத்தால் விசில்தான் கேட்கும். அங்கே வேலை பார்த்த மஜெல்லா, அட்ராக்டாவின் வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளிக் குடியிருப்பவள். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

"தெரியுமா உங்களுக்கு? தினம் பத்து மணிக்குக் கொரெட்டி அம்மா என்னைக் கூப்பிட்டு அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டச் சொல்றாங்க. நம்ம கோவில் பூசைதான். வேற எதையும் போட விடமாட்டேங்கிறாங்க."

"பூசை கேட்கட்டும். அவளுக்குத் தேவைதான்."

"நீங்க பதில் சொல்றப்ப எல்லாம், 'அவசரம், அவசரம், பொறந்ததுலேருந்து அவசரம்'னு சொல்லிச் சிரிக்கிறாங்க."

அட்ராக்டா உள்ளே போய்க் கெட்டிலைப் போட்டாள். தண்ணீர் கொதித்து, கெட்டில் அணைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

கை கொடுக்கிற சடங்கைத்தான் அந்த வருஷம் ஆயரே நிறுத்தியிருந்தார். "ஆண்டவரின் சமாதானம் எப்பொழுதும் உங்களோடு இருப்பதாக" என்று சாமியார் சொல்வார், "உம்மோடும் இருப்பதாக" என்று அட்ராக்டா சொல்வாள், அவர் அடுத்ததுக்குப் போய்விடுவார். உயிர்ப்புப் பெருநாளான ஈஸ்டருக்கு மறுநாள், அவர் அடுத்ததுக்குப் போகுமுன் அட்ராக்டா தூணுக்குப் பின்னாலிருந்து தன் கரகரக் குரலில் இன்னும் ஒன்று சொன்னாள்: "சமாதானம் உன்னோடு இருப்பதாக."

உன்னோடு. ஃபாதர் மலாக்கி நிமிர்ந்து பார்த்தார். காலிக் கோவில். ஒன்றும் கேட்காதவர் போல அப்பத்தைப் பிட்டார்.

மறுநாள் மஜெல்லா வேலிக்கு வந்து, கொரெட்டி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் சன்னலைப் பார்த்தாள் என்றாள். அதற்கு அடுத்த வாரம், "பதில் சொன்னாங்க, நான் காதால கேட்டேன்" என்றாள்.

"என்னான்னு?"

"சொல்லலாமா?"

"சொல்லித் தொலை."

"'உன்னோடயும் இருக்கட்டும்டி, கிழட்டுக் கழுதை'ன்னாங்க."

அன்றைக்கு அட்ராக்டா பீடத்துணி தேய்க்கும்போது அழுதாள். துணி நனைந்து மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. தினம் ஒரு தடவை, ஒரே ஒரு வாக்கியம், முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். மன்னிப்பு கேட்க வேண்டாம், முகம் பார்க்க வேண்டாம், நாலு விரலைப் பற்றிப் பேச வேண்டாம். இதைவிட வசதியாக ஒரு சமரசத்தை அந்தக் குடும்பத்தில் யாரும் செய்துகொண்டதில்லை. காலை பத்து மணிக்காக அவள் உயிரோடு இருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

மே மாதத்தில் எண்டா டியர்னன் வந்து சேர்ந்தான். வீடு நிலம் ஏலம் விடுகிற தொழில், கோவிலின் பங்குப் பேரவையில் உறுப்பினன், வேலை படுத்துவிட்டதால் கை அரித்துக்கொண்டிருந்தது. கோவில் ஒளிபரப்பை 'அடுத்த கட்டத்துக்கு' கொண்டுபோகிறேன் என்று மேல்மாடிப் பாடகர் இடத்தில் மடிக்கணினியோடு குடியேறினான். வட்ட விளக்கு ஒன்று வந்தது. கேமரா பீடம் முழுவதையும் காட்டுவது பழைய பாணியாம். சாமியாரின் முகமும் தோளும் மட்டும் தெரிகிற மாதிரி நெருக்கி வைத்தான். இத்தனை பேர் பார்க்கிறார்கள், இத்தனை 'லைக்' கட்டைவிரல் விழுந்தது என்று பூசை முடிந்ததும் மேலிருந்து கத்துவான். ஃபாதர் மலாக்கி ஐம்பத்தைந்து வயது நல்ல மனிதர், இதுவரை தலை வாரியதே ஞாயிறுகளில்தான். இப்போது அங்கி மாட்டுகிற அறையில் கண்ணாடி கேட்டார்.

ஒரு நாள் எழுந்தேற்றத்தின்போது, அப்பத்தைச் சாமியார் உயர்த்திய கணத்தில் வட்ட விளக்கின் வெளிச்சம் பட்டுப் படம் வெளிறிப் போய்விட்டது. பூசை முடிந்ததும், பதிவில் ஒட்டிக்கொள்ளலாம், இன்னொரு தடவை தூக்கிக் காட்டுங்கள் என்றான் எண்டா. சாமியார் தயங்கினார். பிறகு டப்பாவிலிருந்து வெறும் அப்பம் ஒன்றை எடுத்து, மந்திரிக்காத அப்பத்தை, கண்ணை மூடி, முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டு தூக்கினார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ஃபாதர்!" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

அட்ராக்டா பெஞ்சை விட்டு எழுந்தாள். வெளியே கல்லறைப் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்தபோது சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முதல்ல தூக்கினது கடவுளுக்கு, சரி. ரெண்டாவது யாருக்கு, ஃபாதர்? பாஸ்டனுக்கா?"

"ஜனங்களுக்கு ஒரு ஆறுதல், அட்ராக்டா. அவ்வளவுதான்."

"பொய் அப்பத்துல என்ன ஆறுதல்? எனக்கு அசிங்கமா இருக்கு. உங்க மூஞ்சியைப் பார்க்கவே அசிங்கமா இருக்கு." அவர் கழற்றிய அங்கியை அவளிடம் நீட்டினார். காது சிவந்திருந்தது.

அந்த வாரத்தோடு மஜெல்லா வேலிப் பக்கம் வருவதை நிறுத்தினாள். இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, இரட்டை வேலை என்று அட்ராக்டா நினைத்துக்கொண்டாள். தினமும் பத்து மணிக்குத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, "சமாதானம் உன்னோடு இருப்பதாக" என்று தவறாமல் சொல்லிவந்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் முதல் வாரத்தில், ஹானன் கடை வரிசையில் இரண்டு மீட்டர் தள்ளி மஜெல்லா நின்றிருந்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி தரையைப் பார்த்தாள்.

"ஏண்டி மஜெல்லா, நான் என்ன தொத்து நோயா?"

"நான் நடுவுல வரலை, அட்ராக்டா. அது உங்க குடும்ப விஷயம். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த அம்மா செஞ்சதுக்கு இது ஜாஸ்தி."

"எது ஜாஸ்தி?"

"குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டீங்களே, அது. மூணு வாரமா உங்க குரலே இல்லை. வேற யாரோ கும்பலா பதில் சொல்றாங்க. கொரெட்டி அம்மா தினம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு அந்த இடத்துக்காகக் காத்திருக்காங்க. நேத்து என்ன சொன்னாங்க தெரியுமா? 'எடுத்துக்கிட்டா பார், எனக்குத் தெரியும்'னு. சாப்பாட்டைத் தொடலை."

அட்ராக்டா வரிசையை விட்டு வெளியே வந்தாள். "நான் சொல்றேனே! தினம் சொல்றேனே! இன்னிக்குக் காலைலகூடச் சொன்னேன்!"

மஜெல்லா போனை எடுத்து, கையை நீட்டி, அன்றைய பூசையை ஓடவிட்டாள். ஃபாதர் மலாக்கியின் முகம், தேன் தடவின மாதிரி மினுமினுவென்று. "ஆண்டவரின் சமாதானம் எப்பொழுதும் உங்களோடு இருப்பதாக." உடனே எங்கிருந்தோ நாற்பது குரல்கள், அழகாக, ஒரே மூச்சில்: "உம்மோடும் இருப்பதாக." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிசப்தம். நிசப்தம் இருந்த அந்த இடத்தில்தான் அவள் பேசியிருந்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னு நான் அவங்ககிட்டச் சொல்றேன்" என்றாள் மஜெல்லா, குரல் மாறி.

"சொல்லு. நம்பமாட்டா. எனக்கு அவளைத் தெரியும்."

நம்பவில்லைதான். 'அவளுக்கு நாக்கு இருக்கு, சொல்லணும்னா அவளே சொல்லட்டும்' என்று கொரெட்டி சொன்னதாக அன்று மாலையே தகவல் வந்தது.

அதற்கு முன்பே அட்ராக்டா கோவில் மாடிப்படி ஏறியிருந்தாள். எண்டா ஒளிக்கவில்லை. புகார் வந்ததாம். மூன்று பேர் எழுதியிருந்தார்களாம். ஒருத்தி 'தூணுக்குப் பின்னால் காக்கை எதுவும் மாட்டிக்கொண்டதா' என்று கேட்டிருந்தாளாம். அதனால் அந்தப் பக்க மைக்கை அணைத்துவிட்டு, எங்கேயோ ஒரு பேராலயத்துப் பாடகர் குழுவின் பதில்களை இறக்கி ஒட்டிவிட்டான். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லலை."

"அந்த நாப்பது பேர்ல ஒருத்தனாவது இந்தப் பூசைல இருந்தானா? யாரோ என்னிக்கோ சொன்ன ஆமெனை எடுத்து எங்க ஆமென்னு விக்கிறே. வீடு விக்கிறவன் புத்தி எங்கே போகும்?" சத்தம் கேட்டுப் படி ஏறி வந்திருந்த சாமியார் பக்கம் அவள் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா இது?"

ஃபாதர் மலாக்கி செருப்பைப் பார்த்தார். தெரிந்திருக்கிறது. "முந்நூறு பேர் பார்க்கிறாங்க, அட்ராக்டா. கொஞ்சம் நேர்த்தியா இருந்தா..."

"எனக்கு ஒருத்தி பார்த்தாப் போதும். மைக்கைப் போடச் சொல்லுங்க."

"பேரவையில வச்சுப் பேசுவோம்" என்றான் எண்டா. நீட்டி முழக்கி எதையும் குழியில் தள்ளுவதற்கு அந்த ஊரில் அதுதான் வழி.

மறுநாள் பத்து மணிப் பூசையில் அவள் வழக்கம்போல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எல்லாப் பதிலையும் சொன்னாள். செத்த மைக்குக்குத்தான். "ஆண்டவரின் சமாதானம்" என்று சாமியார் ஆரம்பித்ததும் எழுந்தாள். கோவிலைக் கூட்டும்போது போடுகிற நீலச் சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நடுவழியாக நேரே பீடத்துக்கு ஏறினாள். மேலே நாற்காலி தடதடவென்று நகர்ந்தது. ஃபாதர் மலாக்கி பின்வாங்கப் பார்த்தார். இரண்டு மீட்டராவது ஒன்றாவது, அவர் பச்சை அங்கித் தோளை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள், நெருங்கி அவருடைய மைக்குக்கு நேரே குனிந்தாள்.

"கொரெட்டி, இது நான். நான் திருப்பி எடுத்துக்கலைடி. என் வாயை அடைச்சிட்டானுங்க. சமாதானம் உன்னோட இருக்கட்டும். பதினாலு வருஷத்துக்கும் சேர்த்து."

சொல்லிவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தாள். சாமியார் பூசையைத் தொடர்ந்து முடித்தார். முடிந்ததும் எண்டா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நீங்க படி ஏறுறப்பவே ஃபாதர் மைக்கையும் அணைச்சிட்டேன். ஒரு வார்த்தை வெளியே போகலை. மூஞ்சிகூட விழலை, படம் அவ்வளவு நெருக்கமா இருக்கு. நம்ம மானம் தப்பிச்சது."

இத்தனை வருஷம் துடைத்த பெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கோவில் சாவியைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

கதவைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. மஜெல்லா. மூச்சு வாங்கியது.

"அட்ராக்டா, சத்தம் வரலை. ஒண்ணுமே கேட்கலை."

"தெரியும். வச்சுடு."

"இருங்க, வைக்காதீங்க! சாமியார் மூஞ்சி மட்டும் இருந்துச்சா, திடீர்னு அவர் தோள்ல ஒரு கை. கைகூட இல்லை, நாலு விரல். பாதி நிமிஷம் இருக்கும். நான் பதறிட்டேன். கொரெட்டி அம்மா நாற்காலியை ஸ்கிரீன் கிட்டத் தள்ளச் சொல்லிப் பார்த்தாங்க. அப்புறம் ஜெபப்புத்தகத்தை எடுக்கச் சொன்னாங்க. அதுக்குள்ள உங்க அம்மா நினைவு அட்டை. அதைப் படத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு, இதையும் அதையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. பார்த்துட்டுச் சிரிச்சாங்க பாருங்க, இருமல் வந்து முதுகைத் தடவ வேண்டியதாப் போச்சு."

அட்ராக்டா போனை மறு காதுக்கு மாற்றினாள். "ஏதாவது சொன்னாளா?"

"சொன்னாங்க. 'அவகிட்டச் சொல்லு, நகத்தை வெட்டச் சொல்லி'ன்னு."

அட்ராக்டா நகம் வெட்டினாள். சாவியைத் திரும்ப வாங்கப் போகவில்லை. ஃபாதர் மலாக்கியே இரண்டு நாள் கழித்து அதை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார், தலை வாராமல். பேராலயத்துக் குரல்கள் நின்றன. பக்க மைக்கைப் போட்டார்கள். காக்கை மறுபடி கத்துகிறது என்று ஒருத்தி எழுதினாளாம். கேமராமேல் அவளுக்கிருந்த அருவருப்பு மட்டும் ஒரு துளி குறையவில்லை. அந்த வழியாகப் போகிற போதெல்லாம் அதன் முகத்தில் துடைப்பத்தைக் காட்டிவிட்டுப் போவாள்.

அக்காவும் தங்கையும் நேரில் சந்திக்கவே இல்லை. ஜனவரியில் இல்லத்துக்குள் நோய் புகுந்தது, நாலே நாளில் கொரெட்டி போய்விட்டாள். அடக்கத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. மீதி ஊர் சாலை ஓரத்தில் மழையில் நின்றது, அல்லது ஹானனைப் போல வீட்டில் தட்டோடு உட்கார்ந்து பார்த்தது.

நினைவு அட்டை அடிக்க அட்ராக்டாதான் போனாள். கொரெட்டியின் படங்களைப் புரட்டி ஒன்றை எடுத்தாள். இருபது வருஷத்துக்கு முந்தின படம், ஏதோ கல்யாணத்தில் இருவரும் ஒட்டி நின்றது. தன்னை வெட்டச் சொன்னாள். எங்கே வெட்டவேண்டும் என்று பென்சிலால் தானே கோடு போட்டுக் கொடுத்தாள்.

அச்சகத்துக்காரன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தான். "தோள்ல விரல் நிக்குதேம்மா. கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம், ஒரு நிமிஷ வேலை."

"அந்த விரல்ல கை வச்சே, உன் விரலை ஒடிச்சிடுவேன்" என்றாள் அட்ராக்டா. முந்நூறு அட்டை அடித்தான்.